அந்த அட்டையை வரைந்தது நாங்கள்தான்

போன மாதம் மதுரையில் ஒரு மாணவர் பயிற்சி வகுப்பு. பேசி முடித்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தபோது, கல்லூரியில் முதலாமாண்டு படிக்கிற ஒரு தங்கை பக்கத்தில் வந்து கேட்டார்: "தோழர், உங்க பையனுக்கு ஆட்டிசம்னு சொன்னாங்க. அவனுக்குச் சாதின்னா என்னன்னு புரியுமா?"

கேலியாகக் கேட்கவில்லை. அவருடைய தம்பிக்கும் ஆட்டிசம்தானாம். அன்றைக்கு எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. "எழுதுறோம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தோம். இதுதான் அந்தப் பதில்.

இதில் வரும் "நாங்கள்" இயக்கம் இல்லை. ஒரு பையனின் அம்மாவும் அப்பாவும். ஒருவர் சுவரெழுத்து எழுதுகிறவர், கூட்டங்களுக்குப் போகிறவர். இன்னொருவர் நூறு நாள் வேலைக்குப் போகிறவர், மற்ற நாட்களில் வீட்டில் உட்கார்ந்து மல்லிகை கட்டிக் கொடுக்கிறவர். ஒருவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதியது இது. பையனின் பெயரை எழுதப்போவதில்லை. தன் கதையில் தன் பெயரைப் போடுவதா வேண்டாமா என்பதை வளர்ந்த பிறகு அவன்தான் முடிவு செய்ய வேண்டும். இப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது. மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில், ஊரைத் தாண்டி இருக்கிறது எங்கள் தெரு. அரசு ஆவணங்களிலிருந்து "காலனி" என்ற சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். பஸ்ஸில் எங்கள் நிறுத்தத்துக்கு இன்னும் அந்தப் பெயர்தான்.

இரண்டு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். காது கேட்கவில்லையோ என்று பயந்தோம். ஆனால் மூன்று வீடு தள்ளி மிக்சி ஓடினால் இரண்டு காதையும் பொத்திக்கொள்வான். அவன் அப்பத்தா, "அவங்க அப்பனும் நாலு வயசுலதான் வாயத் தொறந்தான். அதுக்குப் போயி ஏண்டா ஆஸ்பத்திரிக்கு அலையிறீங்க?" என்றார். பாண்டி கோயிலுக்குக் கூட்டிப் போய் கறுப்புக் கயிறு கட்டிவிட்டார். தெருவில் ஒரு அக்கா வேறு காரணம் சொன்னார்: "ஆத்தா காலையில வேலைக்குப் போயிட்டா பிள்ளை யாருகூடப் பேசும்?"

அந்த அக்கா மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. அவர் சொன்னதை ஒரு காலத்தில் பெரிய பெரிய டாக்டர்களே சொல்லியிருக்கிறார்கள். 1943-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் லியோ கேனர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் ஆட்டிசம் என்பது குழந்தைகளிடம் காணப்படும் ஒரு தனி நிலையாக முதலில் விரிவாக விவரிக்கப்பட்டது. அதன் பின்னால், அம்மா பாசம் காட்டாததால்தான் பிள்ளை இப்படி ஆகிறது என்ற கருத்து பரவியது. அந்த அம்மாக்களுக்கு "ஃப்ரிட்ஜ் அம்மா" என்று பெயரே வைத்தார்கள். ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் தகப்பனும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964-ல் ஒரு புத்தகம் எழுதி அந்தப் பழியை உடைத்தார். மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு இது, வளர்ப்பில் வந்த குறை இல்லை என்பது இன்றைக்குத் தெளிவு.

அந்த வரலாற்றில் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு விஷயம் இருக்கிறது. கேனர் பார்த்த பிள்ளைகளின் பெற்றோர் பெரும்பாலும் பேராசிரியர்கள், மருத்துவர்கள், வக்கீல்கள். அதனால் ஆட்டிசம் படித்த, வசதியான வீடுகளில் வருவது என்று வெகுகாலம் நம்பினார்கள். லண்டனில் லோர்னா விங் என்ற மருத்துவர் (அவருடைய மகளுக்கும் ஆட்டிசம்) ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை மட்டும் பார்க்காமல் ஒரு பகுதியிலுள்ள பிள்ளைகளை முழுவதுமாகத் தேடிப் பார்த்தார். வர்க்கத்துக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பில்லை என்று தெரிந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகளிடமும் அது இருந்தது. அவர்களால் அந்த டாக்டரின் வாசல்வரை போக முடியவில்லை, அவ்வளவுதான். எங்கள் தெருவிலும் அப்படித்தான். ஆட்டிசம் என்ற சொல் வருவதற்கு முன்னால் இங்கே "கிறுக்கு" இருந்தது, "மந்தம்" இருந்தது, "கட்டிப் போடு" இருந்தது. 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிக் கிடந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினார்கள். ஆட்டிசம் மனநோய் இல்லைதான். ஆனால் உறவுக்காரர் ஒருவர், "பகல்ல மட்டும் கால்ல ஒரு கயித்தப் போட்டுக் கட்டிட்டு வேலைக்குப் போங்க" என்று நல்ல மனதோடு சொன்ன நாளில் எங்களுக்கு ஏர்வாடிதான் ஞாபகம் வந்தது.

2017-ல் மதுரையில் ஒரு மருத்துவர் பரிசோதித்துச் சொன்னார். நம் நாட்டில் இதற்கென்று ஒரு அளவுகோல் இருக்கிறது. 40 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண். ஆரம்பக் கேள்விகளில் ஒன்று, பிள்ளை மற்றவர் கண்ணைப் பார்க்கிறதா என்பது. இல்லை என்று சொன்னோம். வீட்டுக்கு வந்ததும் அப்பத்தாவிடம் சொன்னபோது அவர் கேட்டார்: "கண்ணப் பாக்காததெல்லாம் ஒரு வியாதியா? உங்க தாத்தா சாகுற வரைக்கும் அந்தத் தெருக்காரங்க ஒருத்தர் மூஞ்சியையும் நிமிந்து பாத்தது கிடையாது."

சிரித்துவிட்டோம். ஆனால் அவர் சொன்னது உள்ளே தங்கிவிட்டது. எங்கள் தாத்தா பார்க்காமல் இருந்தது அவருக்கு அடித்துச் சொல்லிக்கொடுக்கப்பட்ட பாடம். எங்கள் பையன் பார்க்காமல் இருப்பது அவன் பிறப்பு. தாத்தாவைப் பார்த்து யாரும் குறைபாடு என்று எழுதவில்லை; மரியாதை தெரிந்த மனுசன் என்றார்கள்.

கையில் கொடுத்த காகிதத்தில் தமிழில் ஒரு பெயர் இருந்தது: "புற உலகச் சிந்தனையற்ற மதியிறுக்கமுடையோர்." அரசு வைத்த பெயர். பிறர் நமக்கு வைக்கிற பெயர் எப்படி இருக்கும் என்று நம் மக்களுக்குத் தெரியும். பஞ்சமர், தீண்டப்படாதோர், ஹரிஜன் எல்லாவற்றையும் கடந்துதான் தலித் என்று நாமே நம்மைச் சொல்லிக்கொண்டோம். எங்கள் பையனுக்குப் புற உலகச் சிந்தனை இல்லை என்று எழுதியவர், மழை வருவதற்கு அரைமணி நேரம் முன்னாலேயே அவன் கொடியில் கிடக்கும் துணியை எடுத்து வந்து போடுவதைப் பார்த்ததில்லை. நாங்கள் ஆட்டிசம் என்றே சொல்கிறோம்.

தனியார் மையத்தில் 45 நிமிடப் பயிற்சிக்கு 400 ரூபாய் கேட்டார்கள். 2018-19-ல் நூறு நாள் வேலைக்கு அறிவித்த முழுக் கூலியே நாளுக்கு 224 ரூபாய். வாரம் இரண்டு முறை மாட்டுத்தாவணி போய், அங்கிருந்து இன்னொரு பஸ். கூட்டத்தில் அவன் அலறினால் நடுவழியில் இறங்கி நடப்போம். ஐந்து மாதத்தில் நிறுத்திவிட்டோம். அதற்குப் பிறகு வீடுதான் மையம். யெஸ். பாலபாரதி எழுதிய "ஆட்டிசம்: சில புரிதல்கள்" புத்தகம் ஒரு தோழர் மூலம் கிடைத்தது. ஒரு தகப்பன் தமிழில் எழுதியது. அதுவரை ஆங்கிலத்தில் வந்த எதையும் முழுதாகப் படிக்க எங்களால் முடிந்ததில்லை.

இந்தப் பிள்ளைகளில் பலருக்குக் காதால் கேட்பதைவிடக் கண்ணால் பார்ப்பது பிடிபடும். எங்களில் ஒருவருக்குத்தான் தூரிகை பிடிக்கத் தெரியுமே! சோப்புப் பெட்டி அட்டையை வெட்டி, சுவரெழுத்துக்கு வாங்கிய பெயிண்டில் மிச்சத்தை வைத்துப் படம் வரைந்தோம். பல் விளக்கு, குளி, சாப்பிடு, பள்ளிக்கூடம், வீடு, தூங்கு. கயிற்றில் வரிசையாகக் கிளிப் போட்டு மாட்டினோம். முடிந்த வேலையின் அட்டையை அவனே கழற்றி டப்பாவில் போடுவான். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்துவிட்டால் அவனுக்குப் பாதிப் பயம் போய்விடும். செய்யக்கூடாததற்கும் அட்டை உண்டு. அடுப்பு, கிணறு, கரண்டுப் பெட்டி. மேலே சிவப்பில் ஒரு குறுக்குக் கோடு. அந்தக் கோட்டை அவன் ஒருநாளும் மீறியதில்லை. சில வீடுகளில் பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று புலம்புவார்கள். எங்கள் பையனிடம் சிக்கலே வேறு. ஒன்றைச் சொல்லிவிட்டால் அதை அப்படியே, எல்லா இடத்திலும், எப்போதும் கடைப்பிடிப்பான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

2019-ல் எங்கள் தெருவை ஒட்டிய தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு சேர்த்தோம். நல்ல பள்ளிக்கூடம். டீச்சருக்கு ஆட்டிசம் பற்றி எதுவும் தெரியாது, ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்ள வெட்கப்படவில்லை. சோற்றில் சாம்பார் பட்டால் தட்டைத் தள்ளிவிடுவான் என்று சத்துணவு அம்மாவிடம் சொன்னோம். மறுநாளிலிருந்து முதல் கரண்டி வெறும் சோறு அவனுக்குத்தான். கொரோனாவில் பள்ளி மூடியதும் கற்றதெல்லாம் கரைந்தது. 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது எங்கள் தெருப் பிள்ளை ஒன்று தன்னார்வலராக வந்தார். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. எந்தப் பயிற்சியும் இல்லாத அந்தப் பிள்ளைதான் புளியங்கொட்டையை வைத்து அவனுக்கு நூறுவரை எண்ணச் சொல்லிக்கொடுத்தது.

வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் ஒருவரும் வருவார். அக்கறையான மனுசி. ஆனால் அவர் தலையில் பல பள்ளிகள். வேலை ஒப்பந்த வேலை. தொடக்க வகுப்புகளில் இத்தகைய 10 பிள்ளைகளுக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் 15 பிள்ளைகளுக்கு ஒருவர் என்று சிறப்பாசிரியர் இருக்க வேண்டும் என 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒன்றிய அரசோ, பி.எம்.ஸ்ரீ திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25-க்கான சமக்ர சிக்‌ஷா நிதி 2,152 கோடி ரூபாயைத் தமிழ்நாட்டுக்குத் தராமல் நிறுத்தியது. சிறப்புப் பயிற்றுநருக்குச் சம்பளம் போவது அந்தத் திட்டத்தில்தான். டெல்லியில் நடக்கிற சண்டை என்று செய்தியில் பார்த்துவிட்டுப் போகிறோம். அது எங்கள் பையனின் வாரத்தில் ஒரு மணி நேரம்.

இனி அந்தக் கதைக்கு வருகிறோம்.

2024 ஜூனில் ஆறாம் வகுப்பு. எங்கள் தெருப் பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. அடுத்த பள்ளிக்கு ஊருக்குள்ளே ஒரு தெருவைக் கடந்து போக வேண்டும். அந்தத் தெருவுக்கு எழுதாத சட்டங்கள் உண்டு. எந்தத் திண்ணையில் உட்காரக் கூடாது, எந்தக் குழாயில் கை வைக்கக் கூடாது, யார் எதிரே வந்தால் ஓரமாக ஒதுங்க வேண்டும். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை. ஐந்து வயதுக்குள் அப்பன் முகம் மாறுவதைப் பார்த்தே தெரிந்துகொள்ளும். எங்கள் பையனுக்கு முகம் பார்த்துப் புரிந்துகொள்வதுதான் வராது. முதல் வாரமே ஒரு திண்ணையில் ஏறி உட்கார்ந்து, வழவழப்பான தூணைத் தடவிக்கொண்டிருந்தான். அந்த வீட்டுப் பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. அவன் இறங்கிப் போன பிறகு கழுவிவிட்டார்.

அவனுக்கு நூல் என்றால் உயிர். பிறந்ததிலிருந்து அம்மா பூக்கட்டுவதைப் பார்த்து வளர்ந்தவன். சாயங்காலம் பூ வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நூல்கண்டைக் கையில் வைத்து, அம்மாவின் விரல் ஓடும் வேகத்துக்கு அளவாக விட்டுக்கொடுப்பான். பேச்சு குறைவான அந்தப் பிள்ளைக்கும் அம்மாவுக்கும் நடுவில் தினமும் இரண்டு மணி நேரப் பேச்சு அதுதான்.

புதிய வகுப்பில் பக்கத்து பெஞ்சுப் பையன் மணிக்கட்டில் நிறக்கயிறு கட்டியிருந்தான். தென்மாவட்டப் பள்ளிகளில் அந்தக் கயிறு என்ன பேசும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு அமைத்த குழு அந்தக் கயிறுகளைப் பள்ளிகளில் தடை செய்யச் சொன்னது. அறிக்கை முதல்வர் கைக்குப் போனது அதே 2024 ஜூனில். எங்கள் பையன் அந்தக் கயிற்றைப் பிடித்தது ஜூலையில். பிடித்து, முறுக்கு எப்படிப் போட்டிருக்கிறது என்று பார்ப்பதற்காகப் பிரித்தான். அறுந்துவிட்டது.

அன்று சாயங்காலம் இரண்டு பைக்கில் ஐந்து பேர் எங்கள் தெரு முனைக்கு வந்தார்கள். சாதிப் பெயரைச் சொல்லி, "கயித்துல கை வச்சவன் யாரு வீட்டுப் பய?" என்றார்கள். பெரியவர்கள் போய், "புத்தி சரியில்லாத பிள்ளைப்பா" என்று சமாதானம் சொன்னார்கள். அந்தச் சொல்லில் சண்டை அடங்கியது. புத்தி சரியில்லை என்று ஒப்புக்கொண்டால் மன்னிப்பு உண்டு. மறுநாள் பள்ளியில், "கொஞ்ச நாளைக்கு வீட்லயே வச்சுக்கங்களேன். உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம்" என்றார்கள்.

எத்தனையோ பேருக்காகக் காவல் நிலையப் படியேறி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் மனு எழுதிக் கொடுத்தவர்கள் நாங்கள். அன்று இரவு எங்கள் பிள்ளைக்காக ஒரு வரி எழுதவில்லை. ஏன் என்று நீங்கள் கேட்கலாம். அதே ரோட்டில், அதே தெரு வழியாக அவன் நாளைக்கும் போக வேண்டும். ஓடச் சொன்னால் ஓடத் தெரியாது. யார் அடித்தார்கள் என்று வந்து சொல்லத் தெரியாது. மேலவளவு எங்களுக்குத் தூரம் இல்லை. 1997 ஜூன் 30-ல் ஊராட்சித் தலைவர் முருகேசன் உட்பட 6 பேர் வெட்டிக் கொல்லப்பட்ட செய்தியைப் பிள்ளைப் பருவத்தில் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். மேடையில் அந்தப் பெயரைச் சொல்லும்போது குரல் உயர்கிறது. இரவில் பிள்ளை பக்கத்தில் படுத்திருக்கும்போது அதே பெயர் வேறு மாதிரி கேட்கிறது.

அதனால் ஒரு அட்டை வரைந்தோம். ஒரு கை. மணிக்கட்டில் கயிறு. மேலே சிவப்புக் குறுக்குக் கோடு.

இரண்டே நாளில் கற்றுக்கொண்டான். எங்களுக்கு நிம்மதியாக இருந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் பூ வந்தது. நூல்கண்டை எடுத்து அவன் பக்கம் நீட்டினோம். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றான். நாங்கள் வரைந்ததைத்தான் படித்திருந்தான். அட்டையில் சாதி இல்லை, கை இருந்தது, நூல் இருந்தது. அவனைப் பொறுத்தவரை நூல் கூடாது, நூல் பிடித்த கையும் கூடாது. அம்மாவின் விரலில் எப்போதும் நூல் இருக்கும். அன்றிலிருந்து சோறு ஊட்ட வந்த கையையும் தள்ளினான். பெற்ற அம்மாவிடம் எங்கள் பிள்ளை தீண்டாமை கடைப்பிடித்தான். சொல்லிக்கொடுத்தது நாங்கள்.

எங்களில் ஒருவருக்கு ஒன்பது வயதில் நடந்தது ஞாபகம் வந்தது. அதே தெருவில் சைக்கிளில் ஏறிப் போனதற்காக அவருடைய அப்பா முதுகில் ஒரு அறை விட்டார். "எறங்கி உருட்டிட்டுப் போடா." தன் பிள்ளை அடிபடாமல் வீடு வர வேண்டும் என்று பயந்த ஒரு தகப்பனின் அறை அது. அதைப் பல கூட்டங்களில் கதையாகச் சொல்லி, அந்தத் தலைமுறையின் அடிமைப் புத்தி என்று பேசியிருக்கிறோம். அவர் கையால் செய்ததை நாங்கள் தூரிகையால் செய்தோம். வேறு வித்தியாசம் தெரியவில்லை. அவரைப் பற்றி இனி அப்படிப் பேச மாட்டோம்.

அட்டையை அவன் கண் முன்னாலேயே கிழித்து அடுப்பில் போட்டோம். ஆனால் எழுதியதை அழிப்பது எழுதுவதைப் போல் சுலபமில்லை. நூல் இல்லாமல் பூவை மட்டும் அவன் பக்கம் வைத்தோம். பிறகு வாழைநார். பிறகு தரையில் கிடக்கும் துண்டு நூல். நான்கு மாதமாயிற்று. தீபாவளி கழிந்து ஒரு நாள், யாரும் கூப்பிடாமல் வந்து உட்கார்ந்து கண்டைக் கையில் எடுத்தான். அன்றைக்கு எங்கள் வீட்டில் பூ கட்டி முடிய ராத்திரி பதினொன்று ஆனது. வேகமாகக் கட்ட மனசு வரவில்லை.

நடுவில் பள்ளிக்கும் போனோம். இந்த முறை கையில் சட்டம் இருந்தது. 1995-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் இல்லை. 2016 சட்டத்தில் 21 வகைகளில் ஒன்றாக இருக்கிறது. அரசு நடத்துகிற, அரசு அங்கீகரித்த எந்தப் பள்ளியும் பாகுபாடு காட்டாமல் சேர்க்க வேண்டும், பிள்ளைக்கு ஏற்ற வசதியைச் செய்து தர வேண்டும் என்கிறது 16-ஆம் பிரிவு. 40 விழுக்காட்டுக்குக் குறையாத பாதிப்பு என்று சான்று பெற்ற பிள்ளைக்கு 6 முதல் 18 வயதுவரை பக்கத்துப் பள்ளியிலோ, விரும்பிய சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை என்கிறது 31-ஆம் பிரிவு. "வீட்ல வச்சுக்கங்க" என்று சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை. இதைச் சத்தம் போடாமல், எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். வட்டார வள மையப் பயிற்றுநரும் கூட வந்தார்.

மூன்று விஷயம் கேட்டோம். மணியடிக்கும் இடத்திலிருந்து தள்ளி, கதவோரம் ஒரு இடம். தாங்க முடியாத நேரத்தில் போய் நிற்க ஒரு மூலை. அவனைப் பற்றி வகுப்பில் ஒரு பத்து நிமிடப் பேச்சு. மூன்றும் கிடைத்தன. நான்காவதாக, கயிறு யார் கையிலும் இருக்கக் கூடாது என்றோம். "சொல்றோம்" என்றார்கள். அந்தப் பையனின் கயிறு இப்போது முழுக்கைச் சட்டைக்குள் இருக்கிறது. அதே பையன்தான் மழை நாளில் எங்கள் பையனின் பையைத் தூக்கிக்கொண்டு வந்து தெரு முனையில் கொடுத்துவிட்டுப் போனான். இரண்டையும் உள்ளபடியே சொல்கிறோம். எதை வைத்து எதைக் கழிப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

சட்டம் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று. 2016 சட்டத்தின் 92-ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். பொதுப் பார்வையில் படும் இடத்தில் மாற்றுத்திறனாளியை இழிவுபடுத்தும் நோக்கோடு வேண்டுமென்றே அவமதிப்பது, மிரட்டுவது குற்றம். 6 மாதம் முதல் 5 ஆண்டுவரை சிறை. இந்த வாசகத்தை எங்கேயோ படித்த மாதிரி இருக்கும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் வாசகத்தோடு வைத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட ஒன்றுதான். அந்த ஐந்து பேர் தெரு முனையில் நின்று பேசியது இரண்டு சட்டத்துக்கும் பொருந்தும். ஒரே பிள்ளை இரண்டுக்கும் உரியவனாக இருப்பான் என்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்? அடுத்த முறை நாங்கள் எழுதுவோம். அதற்குத் தைரியம் மட்டும் போதாது, பக்கத்தில் பத்து பேர் வேண்டும்.

நம் இயக்கத்தையும் கொஞ்சம் பேசிவிடுகிறோம். "சாதி ஒரு மனநோய்" என்று நம் மேடைகளில் சொல்கிறோம். இந்தச் சுவரெழுத்தை எங்களில் ஒருவரே ஐம்பது சுவரிலாவது எழுதியிருப்பார். இனி எழுத மாட்டார். சாதி வெறியனுக்கு எந்த நோயும் இல்லை. யாரை எங்கே நிறுத்த வேண்டும், எப்போது சிரிக்க வேண்டும், எப்போது கழுவிவிட வேண்டும் என்ற அத்தனை நுணுக்கமும் அவனுக்குத் தெரியும். "சமூகத் திறன்" என்று இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்கிறார்களே, அதில் நூற்றுக்கு நூறு வாங்கியவன் அவன். நோய் என்று சொன்னால் அவனுக்கும் மன்னிப்பு கிடைக்கும். உண்மையிலேயே மனநோயோடு வாழ்கிறவர்களுக்கு அவன் பெயர் ஒட்டிக்கொள்ளும்.

கூட்டத்துக்குக் கூட்டிப் போனால் பறைச் சத்தத்தில் அவன் காதைப் பொத்திக்கொண்டு கத்துவான். "பறையடிக்கிறவங்க பேரன் பறைக்குப் பயப்படுறானே" என்று ஒரு தோழர் சிரித்தார். அதற்குப் பிறகு ஒரு வருடம் எங்களில் ஒருவர் மட்டும் கூட்டத்துக்குப் போனோம், மற்றவர் வீட்டில். யார் வீட்டிலிருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. பறையை நிறுத்தச் சொல்லவில்லை. எப்போது அடிப்பீர்கள் என்று முன்னாலேயே சொல்லுங்கள், ஸ்பீக்கரை வாசல் பக்கம் வைக்காதீர்கள், பின்னால் ஒரு பாய் விரித்து ஒரு மூலையை விட்டுவையுங்கள். அவன் வருவான், அவன் அம்மாவும் வருவார்.

படிக்கிற பிள்ளைகள் செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கிறது. உங்கள் தெருவில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், அடையாள அட்டை முகாமுக்கு அந்த அம்மாவோடு நீங்கள் போங்கள். வரிசையில் நிற்க ஒருவர், பிள்ளையை வெளியே நிழலில் வைத்திருக்க ஒருவர் என்று இரண்டு பேர் வேண்டும். இல்லம் தேடிக் கல்வியில் எங்கள் தெருப் பிள்ளை செய்ததை நீங்களும் செய்யலாம். சிறப்புப் பயிற்றுநர் பணி நிரந்தரத்துக்குப் போராட்டம் நடந்தால் அது நம் போராட்டம் என்று போய் உட்காருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாற்றுத்திறனாளிகளை 8 வகையாக எண்ணினார்கள். ஆட்டிசம் தனியாக இல்லை. 2027 கணக்கெடுப்பில் சாதி கேட்கப்போகிறார்கள். சேரியில் எத்தனை பிள்ளைகள் ஆட்டிசத்தோடு வளர்கிறார்கள், எத்தனை பேர் பள்ளிக்குப் போகிறார்கள் என்பதையும் அதில் எண்ணச் சொல்லிக் கேட்க வேண்டியது நாம்தான். வேறு யாரும் கேட்க மாட்டார்கள்.

அந்தத் தங்கைக்கு: உன் கேள்விக்குப் பதில், அவனுக்குச் சாதி தெரியாது அம்மா. யார் பிறக்கும்போது தெரிந்துகொண்டு பிறந்தார்கள்? நாங்கள் ஒரு முறை சொல்லிக்கொடுத்தோம். இரண்டே நாளில் கற்றுக்கொண்டான். மறக்கடிக்க நான்கு மாதம் ஆயிற்று.

இப்போது அவன் கயிற்றில் புதிதாக ஒரு அட்டை தொங்குகிறது. ஒரு கை, உள்ளங்கை மேலே பார்த்தபடி, எதிரே இன்னொரு கை. தொடுவதற்கு முன் கையை நீட்டிக் கேள் என்று அர்த்தம். பள்ளியில் யாரிடமும் நீட்டுகிறான். சிலர் கொடுக்கிறார்கள், சிலர் கொடுப்பதில்லை. உன் தம்பியை ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வா. முன்னாலேயே சொல்லிவிட்டு வா, உங்கள் இருவருக்கும் ஒரு அட்டை வரைந்து மாட்டி வைக்கிறோம்.

ஜெய் பீம்.